உள்ளே போகக் காசு, வெளியே வரவும் காசு

ஐந்நூறு டைரக்டரியில் உங்கள் வெப்சைட்டைப் பதிந்து தருகிறோம், ஆயிரம் என்றால் சலுகை விலை, மூன்றே மாதத்தில் கூகுளில் முதல் பக்கம். இந்த வாசகத்தை முதன்முதலில் எழுதியவனுக்கு ஊர் நடுவில் சிலை வைக்க வேண்டும். கையில் சரக்கே இல்லாமல் இருபது ஆண்டுக்கும் மேலாகக் கடை நடத்துவது லேசுப்பட்ட காரியமா? கள்ளச்சாராயம் விற்பவன்கூட பாட்டிலுக்குள் எதையோ ஊற்றித்தான் தருகிறான்.

ஆதியில் டைரக்டரி என்பது யோக்கியமான பொருளாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். 1994இல் ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ என்ற இருவர் தங்களுக்குத் தெரிந்த வலைத்தளங்களை வகைபிரித்துப் பட்டியல் போட்டார்கள். அதுதான் யாஹூ. அன்றைக்குத் தேடுபொறிகள் தள்ளாடிக்கொண்டிருந்தன. மனிதன் உட்கார்ந்து பார்த்து வகைப்படுத்திய பட்டியலுக்கு மதிப்பு இருந்தது, ஜனங்கள் அதைத் திறந்து பார்த்தார்கள். பிறகு யாஹூவும் கல்லாப்பெட்டியைத் திறந்தது. வணிகத் தளம் என்றால் ஆண்டுக்கு 299 டாலர், ஆபாசத் தளம் என்றால் 600. அதுவும் பரிசீலனைக் கட்டணம்தான். நிராகரித்தால் பணம் திரும்பாது. ஆனாலும் அங்கே ஒரு ஆசிரியர் இருந்தார், உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தார். 1998இல் தொடங்கிய டிமோஸ் என்ற திறந்த டைரக்டரி காசே வாங்கவில்லை. தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் மொத்தத்தில் அதற்கு உழைத்திருக்கிறார்கள். அங்கே இடம் கிடைக்க மாதக்கணக்கில், வருடக்கணக்கில் காத்துக்கிடந்தவர்கள் உண்டு.

யாஹூ டைரக்டரியை 2014 டிசம்பரில் மூடினார்கள். டிமோஸ் 2017 மார்ச்சில் போனது. ஆக மூலவர் இருவரும் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. உற்சவம் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

இப்போது விற்கப்படும் ஐந்நூறும் எவை? எவனோ ஒருவன் ஒரு டோமைன் வாங்கி, ஆயத்த ஸ்கிரிப்ட் ஒன்றை ஏற்றி, நாற்பது வகை போட்டு, ‘உங்கள் தளத்தைச் சேர்க்க’ என்று பட்டன் வைத்த பக்கங்கள். அங்கே படிக்க ஒன்றுமில்லை; படிக்க வருபவனும் இல்லை. நம் ஊர்க் கோயில்களில் ட்யூப்லைட்டின் வெளிச்சத்தையே மறைக்கிற அளவுக்கு ‘உபயம்’ என்று பெயர் எழுதி வைத்திருப்பார்களே, அப்படி ஐந்நூறு ட்யூப்லைட்டை ஒரு பொட்டல்காட்டில் நட்டுவைத்து, சாமியும் இல்லாமல் பக்தனும் இல்லாமல், உபயதாரரின் பெயரை மட்டும் எழுதித் தருகிறேன் என்றால் அது இந்தத் தொழில்தான். கோயில் ட்யூப்லைட்டாவது கொஞ்சம் எரியும்.

கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் செய்யும் ஒரு சிறு முதலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். புவிசார் குறியீடு பெற்ற பொருள். கல் தேர்விலிருந்து மோட்டார்வரை கைக்குள் வைத்திருக்கிற ஆள். மகன் சொன்னான் என்று ஒரு வெப்சைட் போட்டார். போட்ட சில நாளில் போன் வருகிறது. ‘சார், உங்க சைட் பார்த்தேன் சார், சூப்பரா இருக்கு சார், ஆனா கூகுள்ல எங்கயுமே இல்ல சார்.’ பேக்கேஜ் விவரம் வருகிறது. வெள்ளி, தங்கம், பிளாட்டினம். நகைக்கடைச் சீட்டில்கூட கடைசியில் ஒரு குண்டுமணித் தங்கம் கைக்கு வரும்.

அவர் விவரம் தெரிந்த வியாபாரி. கேட்கவேண்டிய கேள்வியைத்தான் கேட்கிறார்: ‘ஏனுங்க, அந்த ஐந்நூறு பக்கத்துல பாத்துட்டு எவராச்சும் நமக்குப் போன் பண்ணுவாங்களா?’

‘அது ஆளுங்க பார்க்க இல்ல சார். கூகுள் பார்க்க.’

இந்தத் தொழிலில் பேசப்பட்ட ஒரே சத்திய வாக்கு அதுதான். அந்த நொடியில் போனை வைத்திருந்தால் அவர் பணம் தப்பியிருக்கும். வைக்கவில்லை. ஏனென்றால் அடுத்த தெருக்காரர் முதல் பக்கத்தில் வருகிறார். அது எப்படி என்று இவருக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைக்குத்தான் இங்கே விலை.

மாதக் கடைசியில் ரிப்போர்ட் வரும். எக்செல் ஷீட், ஐந்நூறு வரிசை, பச்சை நிறத் தலைப்பு. கிரைண்டர் கம்பெனி ஒரு இடத்தில் ‘செல்லப்பிராணிகள்’ என்ற வகையில் இருக்கிறது, இன்னொரு இடத்தில் ‘கலையும் பண்பாடும்’, வேறோர் இடத்தில் ஏதோ ஓர் ஐரோப்பிய ஊரின் ‘தங்கும் விடுதிகள்’. கடைசிப் பத்தியில் நிலை: ‘சமர்ப்பிக்கப்பட்டது’, ‘நிலுவை’, ‘நிலுவை’, ‘நிலுவை’. ஏனய்யா என்று கேட்டால் பதில் தயார்: சப்மிஷன் என்றுதானே சார் சொன்னோம், அப்ரூவல் என்று சொல்லவில்லையே. விண்ணப்பத்தைப் போட்டதற்குக் கூலி. அதை எவனும் எடுத்துப் பார்க்காததற்கு ஜி.எஸ்.டி. தனி.

அந்த ஐந்நூறு படிவத்தையும் நிரப்பியது யார்? எங்கள் வீட்டுப் பிள்ளைகள். பொறியியல் படித்துவிட்டு, கல்விக்கடன் தலைக்குமேல் நிற்க, ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்’ என்ற அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஃபிரஷர்கள். ஒரே தலைப்பு, ஒரே இருநூறு எழுத்து விவரணை; காப்பி, பேஸ்ட், காப்பி, பேஸ்ட். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கேப்சா: நீ ரோபோ இல்லை என்று நிரூபி. ரோபோ செய்யவேண்டிய வேலையைச் செய்துகொண்டே, தான் ரோபோ இல்லை என்று காலையிலிருந்து மாலைவரை அந்தப் பிள்ளை சத்தியம் செய்கிறது. நான்கு வருடப் படிப்பு இதற்குத்தான் என்று கல்லூரி விளம்பரத்தில் போட்டிருந்தால் எந்தத் தகப்பன் காட்டை விற்றிருப்பான்? போனில் பேசுகிற பையன்மீது எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு டார்கெட். டார்கெட் வைத்தவன் கண்ணாடி அறைக்குள் இருக்கிறான், அவன் போனை எடுப்பதில்லை.

இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கு வித்திட்ட பெரிய மனிதர்களையும் விடக்கூடாது. 1998இல் கூகுளின் நிறுவனர்கள் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கொண்டுவந்த பேஜ்ரேங்க்கின் அடிப்படை எளிமையானது: ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு லிங்க் கொடுத்தால் அது ஒரு பரிந்துரை, ஒரு ஓட்டு, பெரிய இடத்து ஓட்டுக்கு எடை அதிகம். அருமையான யோசனை. ஆனால் ஓட்டு என்று ஒன்று வந்துவிட்டால் ஓட்டுக்குக் காசும் பின்னாலேயே வரும் என்று அந்த இரண்டு கலிஃபோர்னியாப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை போலும். நம் ஊரில் ஒரு இடைத்தேர்தலை வந்து பார்த்திருந்தால் அல்காரிதத்தையே மாற்றி எழுதியிருப்பார்கள். போதாக்குறைக்கு, யாஹூ, டிமோஸ் போன்ற டைரக்டரிகளில் உங்கள் தளத்தைப் பதியுங்கள் என்று ஒரு காலத்தில் கூகுளின் வழிகாட்டுக் குறிப்பே அறிவுரை சொன்னது. கூகுள் டூல்பாரில் ஒவ்வொரு பக்கத்துக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துவரை மதிப்பெண்ணும் காட்டினார்கள். மார்க் போட்டால் டியூஷன் சென்டர் முளைக்காதா? முளைத்தது.

பிறகு சாட்டை வந்தது. 2012 ஏப்ரல் 24 அன்று பெங்குவின் என்று செல்லப்பெயர் வைத்து ஒரு மாற்றத்தை இறக்கினார்கள். ஆங்கிலத் தேடல்களில் 3.1 சதவீதம் பாதிக்கப்படும் என்று கூகுளே சொன்னது. சதவீதத்தில் பார்த்தால் கொசுக்கடி. அந்த மூன்றுக்குள் அகப்பட்ட சிறு வியாபாரிக்கு, ராத்திரி இருந்த கடை காலையில் காணோம். ஏஜென்ட் போட்ட குப்பை லிங்க்குகள், அவர் காசு கொடுத்து வாங்கியவை, அவர் கழுத்துக்கே சுருக்காயின. ‘இயற்கைக்கு மாறான லிங்க்குகள்’ என்று கூகுளிடமிருந்து ஓலை. அவற்றை எடுத்துவிட்டு வந்து மன்னிப்புக் கேள்.

இங்கேதான் இந்தத் தொழிலின் மேதைமை முழுசாக வெளிப்பட்டது. பெயரை எடுத்துவிடுங்கள் என்று டைரக்டரிக்காரர்களுக்கு எழுதினால், பல இடங்களில் பதிலே இல்லை. பதில் வந்த சில இடங்களில், நீக்குவதற்குக் கட்டணம் என்று வந்தது! உள்ளே போகக் காசு கேட்டவன் வெளியே வரவும் காசு கேட்டான். அதைவிடப் பெரிய கூத்து, லிங்க் போட்டுத் தருகிறேன் என்று விற்ற கூட்டமே ‘லிங்க் ரிமூவல் பேக்கேஜ்’ என்று புது போர்டு மாட்டியது. அதே அலுவலகம், அதே கண்ணாடி அறை, அதே எக்செல் ஷீட். பச்சைத் தலைப்பைச் சிவப்பாக மாற்றியிருந்தார்கள். விஷம் விற்றவனே எதிர்ப்பக்கம் மருந்துக்கடை திறந்தால் ஊரில் கல்லெறிவார்கள். இங்கே அவனைக் கருத்தரங்கில் மேடையேற்றி ‘வல்லுநர்’ என்று பொன்னாடை போர்த்தினார்கள். 2012 அக்டோபரில் கூகுளே, ‘இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காதே’ என்று தளக்காரர் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி ஏற்றும் வசதியைக் கொடுத்தது. அதன்பிறகும் ரிமூவல் வியாபாரம் நடந்தது. அந்த ஃபைலைத் தயாரித்து ஏற்ற எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு இங்கே உச்சவரம்புச் சட்டம் இல்லை.

பெரிய இடத்தில் என்ன நடந்தது என்றும் பாருங்கள். 2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜே.சி. பென்னி என்ற பெரும் கடைச் சங்கிலியின் குட்டை நியூயார்க் டைம்ஸ் உடைத்தது. பெண்கள் உடை, படுக்கைவிரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் அவர்களே முதலிடம். சாம்சொனைட் பெட்டியைப் பெயர் சொல்லித் தேடினால்கூட சாம்சொனைட் நிறுவனத்துக்கு மேலே இவர்கள். காரணம், குறட்டை, மீன்பிடி, பல் மருத்துவம் என்று துணிக்குச் சம்பந்தமில்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து லிங்க். எங்களுக்குத் தெரியாது என்றது கம்பெனி, தன்னைத் தேடலில் மேலே ஏற்றித் தந்த எஸ்.இ.ஓ. நிறுவனத்தை வேலையைவிட்டு நீக்கியது. கூகுள் கீழே இறக்கியது. சில மாதங்களில் பழைய இடத்துக்கு மெல்ல ஏறிவந்தார்கள். நம் கிரைண்டர்காரர் ‘எனக்குத் தெரியாது’ என்று யாரிடம் போய்ச் சொல்வார்? சொன்னால் எந்த நாளிதழ் போடும்?

2012 ஜனவரியில் கூகுளின் குரோம் பிரவுசருக்கே காசு கொடுத்து எழுதவைத்த பதிவுகள் வெளிப்பட்டன. கூகுள் தன் குரோம் பக்கத்துக்குத் தானே அறுபது நாள் தண்டனை விதித்துக்கொண்டது. தன் பிள்ளையையே தண்டித்த மனுநீதிச் சோழன் என்று மெச்சலாம்தான். அந்த அறுபது நாளில் குரோம் பட்டினி கிடந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். தேடல் முடிவில் காசு வாங்கிக்கொண்டு மேலே இடம் கொடுப்பது குற்றம். கூகுள் வாங்கினால் அது வருமானம். அங்கே காசு வாங்கிய இடம் என்பதற்குச் சிறிதாக ஒரு குறி ஒட்டியிருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த அளவுக்கு நேர்மைகூட நம் ஐந்நூறில் ஒன்றிலும் இல்லை.

2016 செப்டம்பரில் வந்த புதிய பெங்குவின் இன்னொரு திருப்பத்தைக் கொடுத்தது. குப்பை லிங்க் இருந்தால் தளத்தைத் தண்டிப்பதைக் காட்டிலும் அந்த லிங்க்கையே பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விடுவது என்று வைத்துக்கொண்டார்கள். ஆகவே இன்றைக்கு நீங்கள் கொடுக்கும் பணத்துக்குத் தண்டனைகூட உறுதியில்லை. நீங்கள் வாங்குவது அப்பட்டமான பூஜ்யம். பூஜ்யத்தை விற்பது கஷ்டம் என்பதால் அதற்கு ஒரு புது எண் கண்டுபிடித்திருக்கிறார்கள். ‘எங்கள் டைரக்டரிகள் எல்லாம் டி.ஏ. நாற்பதுக்கு மேல் சார்.’ டி.ஏ. என்பது மோஸ் என்ற தனியார் நிறுவனம் தன் கணக்குப்படி போடும் மதிப்பெண். ரேங்க் போடும்போது கூகுள் அதைப் பார்ப்பதே இல்லை. மாப்பிள்ளைக்கு ஜாதகம் பார்க்கப் போய் பக்கத்து வீட்டுக்காரர் ஜாதகத்தைக் காட்டி தட்சிணை வாங்குகிறார்கள். நாமும் எடுத்துக் கொடுக்கிறோம்.

தரமற்ற டைரக்டரி லிங்க்குகள் ஸ்பாம் என்று கூகுளின் கொள்கைப் பக்கத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்றும் அதே நிறுவனம் சொல்லியிருக்கிறது. இரண்டும் ரகசிய ஆவணங்கள் அல்ல. விற்பவன் படித்திருக்கிறான். படித்துவிட்டுத்தான் விற்கிறான். அதனால் இதை அறியாமை என்றோ, காலம் மாறியதை உணராத பழைய முறை என்றோ மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது மோசடி. ரசீது கொடுத்துச் செய்யும் மோசடி.

மக்கள் உண்மையிலேயே திறந்து பார்க்கும் பட்டியல்கள் உலகத்தில் இருக்கின்றன. உங்கள் தொழிற்சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், உங்கள் துறை வாங்குபவர்கள் தேடும் சந்தைத் தளம், கூகுள் மேப்பில் உங்கள் கடை. மேப்பில் வருவதற்கான பிசினஸ் புரொஃபைலைப் பதிய கூகுள் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. கடைப் படம், நேரம், போன் நம்பர், வாடிக்கையாளர் எழுதும் நாலு வரி. வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை செய்துவிடும். அதைச் செய்து தரவும் ஐயாயிரம் கேட்டு போன் வரும். வந்துகொண்டுதான் இருக்கிறது.

அடுத்த முறை அந்த போன் வந்தால் எடுங்கள். பேசுகிற பையனைத் திட்டாதீர்கள். அந்த ஐந்நூறு டைரக்டரியில் ஏதாவது ஒன்றில் தேடி, நீங்களோ உங்கள் வீட்டிலோ ஒரு பொருளாவது வாங்கியிருக்கிறீர்களா தம்பி என்று மட்டும் கேளுங்கள். பதில் வரும்வரை பணம் கட்டாதீர்கள்.