கல்லாப்பெட்டி தீர்ப்பு சொல்லுமா?

கேள்வி: வசூலில் தோற்ற படத்தை நல்ல படம் என்று எப்படிச் சொல்வது? மக்கள்தான் தீர்ப்பு சொல்லிவிட்டார்களே!

பதில்: தீர்ப்பு சொன்னவர்கள் படத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! முதல் வார வசூல் அளப்பது, தலைப்பும் சுவரொட்டியும் எத்தனை பேரை உள்ளே இழுத்தன என்பதை மட்டும்தான். 1994-இல் வந்த ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செலவு சுமார் 2.5 கோடி டாலர். அமெரிக்கத் திரையரங்குகளில் முதல் சுற்று வசூல் சுமார் 1.6 கோடி. வாய்க்குள் நுழையாத தலைப்பு, சிறைக்கதை, எதிரே போட்டிப் படமாக ‘பல்ப் ஃபிக்‌ஷன்’. ஏழு ஆஸ்கர் பரிந்துரைகளுக்குப் பின் மறுபடி திரையிட்டும் மொத்தம் சுமார் 2.8 கோடிதான். திரையரங்கின் பங்கும் விளம்பரச் செலவும் போனால் அது நஷ்டமே. ஆனால், 1995-இல் வீடியோ கடைகளில் மிக அதிகமாக வாடகைக்குப் போன படங்களில் அதுவும் ஒன்று. 1997 முதல் தொலைக்காட்சி அதைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. ஐஎம்டிபி இணையதளத்தின் ரசிகர் பட்டியலில் பல ஆண்டுகளாக முதலிடம்.

‘ஒரு விதிவிலக்கை வைத்து வாதாடலாமா? பணம் போட்டவர் என்ன ஆவார்?’ என்பீர்கள். நியாயம்தான். தோற்ற படமெல்லாம் காவியம் என்று நான் சொல்லவில்லை. தயாரிப்பாளருக்கு வசூல் வாழ்வா சாவா என்பதும் உண்மை. அதனால்தான் இப்படிப்பட்ட படத்துக்குச் செலவை அடக்கி, திரையரங்கில் ஓடக் கூடுதல் வாரங்கள் தர வேண்டும். அதற்கு விளம்பரம், படம் பார்த்தவர்களின் வாய்மொழிதான். அது ஊரைச் சுற்றி வர நாளாகும். வசூல் வியாபாரத்தின் கணக்கு. படத்தின் மதிப்பை, அதைப் பார்த்தவர்களிடம் கேளுங்கள்.