தலைவர் வீட்டுக்காரருக்கு மாமன் சொல்லும் புத்தி

வா மாப்ளே, இப்படித் திண்ணையில உட்காரு. அடுத்த தேர்தல்ல எம்மகளைப் பஞ்சாயத்துத் தலைவருக்கு நிக்க வைக்கப் போறியாமே? 2016-ல பாதி இடம் பொம்பளைகளுக்குன்னு சட்டம் ஆனதிலிருந்து, நம்ம புதுக்கோட்டைச் சீமையில பெண்டாட்டி பேரைச் சொல்லித் தலைவரான ஆம்பளைக பெருத்துட்டாங்க. நோட்டீஸ்ல அவ படம் மொளகு தண்டி, உம் படம் பூசணிக்கா தண்டி. பாத்தேன், பாத்தேன்.

கிராமசபையை வம்பில்லாம நடத்துறது எப்படின்னு கேட்டேல்ல? சொல்றேன். முன்னே வருசத்துக்கு நாலுதான். 2022-ல மார்ச் 22, நவம்பர் 1-ன்னு ரெண்டைச் சேத்து ஆறாக்கிட்டாங்க. தீர்மானத்தை முதநாள் ராத்திரியே எழுதி வச்சிரு. ஆம்பளைகளுக்கு நாற்காலி போடு. பொம்பளைகளை ஸ்பீக்கருக்குக் கீழே தரையில உக்கார வையி, அந்த இரைச்சல்ல ஒரு எழவும் காதுல விழாது. எவளாச்சும் வாரியில தண்ணி வரலைன்னோ, தைலமரக் காட்டால ஊத்து வத்திப் போச்சுன்னோ வாயைத் திறந்தா, உடனே வடையைக் கொண்டாரச் சொல்லிரு. மூவாயிரத்துக்கு மேல சனம் இருக்குற ஊருன்னா இருநூறு பேராச்சும் வந்திருக்கணும். அதுக்கென்ன, தீர்மான நோட்டைக் கண்மாய்க்கரைக்குத் தூக்கிட்டுப் போ. நூறு நாள் வேலைக்கு வந்தவளுக வரிசையாக் கையெழுத்துப் போட்டுருவாளுக.

ஆனா ஒண்ணு மாப்ளே. போடுறதுக்கு முன்னாடி அவளுக படிச்சுப் பாப்பாளுக. அந்தச் சனியன் 1991-லேயே பிடிச்சிருச்சு. ஷீலா ராணி சுங்கத்னு ஒரு கலெக்டரம்மா, அறிவொளி இயக்கம். எழுத்தோட விட்டாங்களா? சைக்கிளையும்ல கத்துக் குடுத்தாங்க! லட்சம் பொம்பளைகளுக்கு மேல ஓட்டக் கத்துக்கிட்டாளுக. அதுல சிலபேரு ஆம்பளை சைக்கிள்தான் வேணும்னாளுக. எதுக்கு? முன் கம்பியில புள்ளைய உக்கார வச்சுக்கலாமாம்! கம்பெனிக்காரனுக்குத் தோணுச்சா அது?

கல்குவாரிக் கதை அதைவிட மோசம். காண்ட்ராக்டர்கிட்டக் கூலிக்குக் கல் உடைச்சுக் கடன்ல முங்கிக் கெடந்தவளுக குழுவாச் சேந்தாளுக. கலெக்டரம்மா குவாரியையே அவளுகளுக்குக் குத்தகைக்கு விட்டுருச்சு. கணக்கும் அவளுகளே, கூலி பேசுறதும் அவளுகளே. கையில நாலு காசு கூடுதலா நின்னுச்சு. எந்தப் பாறை எந்தப் பக்கம் பொளக்கும்னு சுத்தியலைப் பிடிச்சவளுக்குத்தானே தெரியும்? மேட்டுல குடை பிடிச்சு நின்னவனை யாரும் தேடவே இல்ல. காண்ட்ராக்டருங்களுக்கு வயித்தெரிச்சல் இருக்காதா பின்னே! உனக்கும் அந்தக் கதி வந்துறக் கூடாதேன்னுதான் இம்புட்டும் சொல்றேன்.

அது கெடக்கட்டும். எம்மககிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? என்னப்பா முழிக்கிறே? அவ நேத்தே வந்துட்டுப் போயிட்டா. நிக்கிறாளாம். தீர்மான நோட்டு மட்டும் ஆபீசை விட்டு வீட்டுக்கு வராதாம். உங்கிட்டச் சொல்லச் சொன்னா.