மருமோனின்ர ஜீப்

வாரும் மருமோன். ஜீப் வாங்கின சங்கதி வோபர்ன் ஊர் முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. சீடர்பிறே மோல் பார்க்கிங்கில நடைபாதைக் கல்லில முன்சில்லை ஏத்திவிட்டுப் படமும் எடுத்தீராம். அரை அடி மலை! உம்மட வீரத்தை ஆர் மறுக்கப்போகினம்?

கூரையில ஆறு லைட்டும் பூட்டியிருக்கிறீர். நல்லது. புதைஞ்சு கிடக்கேக்க தேடி வாற ஆக்களுக்கு வசதி.

போன பனிக்கு எல்ஸ்மியர் சிக்னலில வழுக்கிக்கொண்டு போனதை மாமா பாக்கேல்லை எண்டு நினைக்காதையும். நாலு சில்லும் இழுக்கிறது வெளிக்கிடுறதுக்கு. நிப்பாட்டுறதுக்கு, அத்தானின்ர பழைய கொரோலாவிலயும் நாலு சில்லுக்கும்தான் பிரேக். ஐசுக்கு மேல ரெண்டும் ஒரே சாதி. காய்ஞ்ச தார் றோட்டில, முன்சில்லையும் பின்சில்லையும் சேத்துப் பூட்டுற அந்தப் பூட்டைப் போட்டுக்கொண்டு ஓடவும் வேண்டாம். வளைவில முன்சில்லும் பின்சில்லும் வேற வேற தூரம் ஓடவேணும்; பூட்டினால் ஓடேலாது, உள்ளுக்க பல்லுச்சக்கரம்தான் முறுகும்.

இப்ப மோர்னிங்சைட் பார்க்கில, ஹைலண்ட் கிறீக்குக்க இறக்கிப் பாக்கப்போறீராம். இறக்கும், இறக்கும். மாநகரசபைக்குத் தண்டக்காசு கட்டுற பாக்கியமும் ஒருக்கால் கிடைக்கத்தானே வேணும். அந்தக் கிறீக்கை லேசா நினைக்காதையும்: 1954 ஒக்டோபரில ஹேசல் புயல் ஒன்ராறியோவில 81 பேரைக் கொண்டுபோனது. இப்பிடியான ஆத்துப் பள்ளத்தாக்குகளைப் பூங்காவாவே விட்டு வைச்சதுக்கு அந்த வெள்ளமும் ஒரு காரணம்.

எந்தத் தண்ணியெண்டாலும் முதல் வாகனத்தால இறங்கி நிண்டு பாரும். இழுத்து ஓடுற தண்ணியெண்டால் அப்பிடியே திரும்பும். நீர் நடக்கப் பயப்பிடுற இடத்தில வாகனத்துக்கு மட்டும் என்ன துணிவு? எஞ்சின் காத்து இழுக்கிற வாயால தண்ணி போனால் பிஸ்டனால அதை நசுக்கேலாது. தண்ணி நசியாது, இரும்பு வளையும். பாங்குக் கடன் வளையாது.

காடுதான் வேணுமெண்டால் போர்ட் ஹோப்புக்கு வடக்கால கனரஸ்கா இருக்கு. அனுமதி எடும், உம்மட வாகனத்தை விடுவினமோ, விட்டால் எந்தப் பாதையிலயெண்டும் கேட்டுப்போட்டுப் போம். பைன் மரங்களைப் பாத்து மயங்காதையும், கீழ மணல். அந்த மணல் காத்தோட பறந்து காணி பாழாப்போனபடியாத்தான் 1940களில மரம் நடத் தொடங்கினவை. சில்லுச் சுழல அக்சிலேற்றரை மிதிக்கிறவன் தனக்கே கிணறு வெட்டுறான். காலை எடும். டயரில 35 psi இருக்கிற காத்தை 20க்கு இறக்கினால் டயர் நீளமாப் படுத்து மணலுக்கு மேல போகும். திரும்ப 401 ஹைவேயில ஏறமுதல் காத்தடியும். இல்லாட்டி சூடேறி வெடிக்கும். மாரியில வன்னிக் காட்டுப் பாதையில லாண்ட்ரோவர் ஓட்டினவங்கள் இறங்கி நடந்து பாத்துத்தான் ஓட்டினவங்கள். அவங்களுக்கு யூரியூப் இல்லை, பாவங்கள்.

ஏத்தத்தில நிண்டுபோனால் குறுக்க திருப்பாதையும். ரிவேர்ஸ் கியரில நேர பின்னுக்கு வாரும். திருப்பினால் உம்மட ஆறு லைட்டும் மண்ணுக்குத்தான் வெளிச்சம் காட்டும்.

இதில மட்டும் பகிடி இல்லை: புதைஞ்ச வாகனத்தை இழுக்கேக்க, ட்ரெயிலர் கொழுவுற உருண்டையில கயிறு கட்டாதையும். அது முறிஞ்சு பறந்து அடிச்சு ஆக்கள் செத்திருக்கினம். வாகனத்தின்ர இரும்புச் சட்டகத்தோட பூட்டின கொளுக்கியில போடும், விடுப்புப் பாக்கிற சனத்தைத் தூரக் கலையும்.

தனியப் போகாதையும், இன்னொரு வாகனமும் வரட்டும். மண்வெட்டி, காத்தடிக்கிற மெசின், நல்ல கயிறு மூண்டையும் பின்னுக்கு ஏத்தும். இடமில்லையெண்டால் அந்தப் பெரிய ஸ்பீக்கரைக் கழட்டி வீட்டில வைச்சிட்டுப் போம்.