பாணன் குடும்பத்தோடு சாப்பிடப் போன கதை

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு மனைவி கேட்டாள்: "ஏங்க, மத்தியானம் எல்லாரும் வெளியில சாப்பிடலாமா?" கேள்வி சின்னதுதான். பதில் வருவதற்குள் மணி ஒன்றரை ஆகிவிட்டது.

வீட்டில் ஏழு பேர். மாமியார் காசிக்குப் போய்வந்தவர். கங்கைக்கரையில் கத்தரிக்காயை விட்டுவிட்டார். விவரமானவர்கள் அங்கே பாகற்காயை விட்டுவிட்டு நைசாகத் திரும்புவார்கள். இவர் நேர்மையானவர், பிடித்ததையே விட்டார். ஆகவே சாம்பாரில் கத்தரிக்காய் மிதக்கும் ஓட்டல்கள் எல்லாம் தள்ளுபடி. அதோடு சுத்த சைவம். அசைவ வாசம் வருகிற கட்டடத்தில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். மச்சானுக்கோ பிரியாணி போடாத இடம் ஓட்டலே இல்லை, ஆஸ்பத்திரி. அப்பா விலைப்பட்டியலை வலது பக்கத்திலிருந்து படிக்கிறவர். பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் பனீர். எட்டு வயதுப் பையன் தட்டில் கறிவேப்பிலையைப் பார்த்தால் பல்லியைப் பார்த்ததுபோல் எழுந்துவிடுவான். மனைவி எங்கே வேண்டுமானாலும் சாப்பிடுவாள். ஏசி இருக்க வேண்டும், பாட்டு அலறக் கூடாது, போன தடவை போன இடமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மச்சான் கைப்பேசியில் ஓட்டல்களின் நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தான். ஒரு நட்சத்திரம் கொடுத்தவனின் புலம்பலையும் ஐந்து கொடுத்தவனின் புகழ்மாலையையும் உரக்கப் படித்தான். இரண்டும் ஒரே ஓட்டலைப் பற்றியவை. நான் அலமாரியிலிருந்து பத்துப்பாட்டை எடுத்தேன். குடும்பத்தோடு எங்கே போய்ச் சாப்பிடுவது என்ற விவகாரத்தில் தமிழனுக்கு இரண்டாயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக அனுபவம் உண்டு.

பள்ளிக்கூடத்தில் தமிழய்யா ஆற்றுப்படைக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்திருப்பார்: பரிசில் பெற்ற கலைஞன், பெறாத கலைஞனை வள்ளலிடம் வழிப்படுத்துவது. மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்கியிருப்போம். விஷயம் இதுதான்: ஒருவன் எங்கேயோ வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டபடி வருகிறான். எதிரில் ஒருவன் யாழைத் தோளில் போட்டுக்கொண்டு காய்ந்த வயிறோடு குடும்பத்தை இழுத்து வருகிறான். "நேரா போங்கண்ணே, ரெண்டாவது ஊர்ல இது கிடைக்கும், மூணாவது ஊர்ல அது கிடைக்கும், கடைசியா நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார், அங்கே ஒரு பிடி பிடிங்க" என்கிறான். பத்துப்பாட்டில் பாதி, அதாவது ஐந்து, இந்த ரகம். திருமுருகாற்றுப்படை முருகனிடம் அனுப்புகிறது. அது வேறு பசி. மற்ற நான்கும் சோற்றுக்கு வழி சொல்பவை. 1889-இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சில் ஏற்றியிராவிட்டால் இந்தத் துப்பு நமக்குக் கிடைத்திருக்காது.

இவற்றில் பெரும்பாணாற்றுப்படைதான் என் குடும்பத்துக்குத் தோதானது. ஐந்நூறு அடி. எழுதியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். போய்ச் சேர வேண்டிய இடம் காஞ்சி, வீட்டுக்காரர் தொண்டைமான் இளந்திரையன். பாணன் தனியாகப் போகவில்லை; சுற்றத்தோடு போகிறான். சுற்றத்துக்கு அந்தப் பாட்டில் 'கடும்பு' என்று ஒரு சொல் வருகிறது. சொல்லிப் பாருங்கள், எவ்வளவு பொருத்தம்.

முதல் நிறுத்தம் வேட்டுவரான எயினர் குடிசை. அங்கத்துப் பெண்கள் இரும்புப் பூண் போட்ட கோலால் மண்ணைக் கிளறி, எறும்பு சேர்த்துவைத்த புல்லரிசியை எடுக்கிறார்கள். நிலத்திலேயே குழித்த உரலில் குத்தி, உவர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, வாய் உடைந்த பானையில் ஆக்கி, உப்புக்கண்டத்தோடு தேக்கிலையில் குவித்துப் போடுகிறார்கள். என் கடும்பை அங்கே உட்காரவைத்துப் பார்த்தேன். "அந்தப் பானையைப் பார்த்தீங்களா?" என்று மனைவி. "எறும்போட சாப்பாட்டைப் பிடுங்கறது பாவம் மாப்பிள்ளே" என்று மாமியார். அப்பா மட்டும் திருப்தியாக இருக்கிறார், இலவசம்.

அடுத்தது எயினரின் அரணுக்குள். மேட்டு நிலத்து நெல்லின் சிவப்புச் சோறு, ஈச்சங்கொட்டை மாதிரி. தொட்டுக்கொள்ள, நாய் பிடித்துவந்த உடும்பின் வறுவல். அதுவும் முட்டை நிறைந்த பெண் உடும்பு. மச்சான் இங்கே நிமிர்ந்து உட்கார்ந்தான். "மாமா, இது இப்ப எங்க கிடைக்கும்?" எங்கும் கிடைக்காது, சட்டப்படி பிடிக்கவே கூடாது, ஜெயில் சாப்பாடுதான் கிடைக்கும் என்றேன்.

கோவலர் வீட்டில் தினைச்சோறும் பாலும். முல்லை நிலத்துச் சிற்றூரில் வரகுச் சோறும் அவரைப் புழுக்கும். இதே பதார்த்தத்தைச் 'சிறுதானியத் தாலி' என்று பெயர் வைத்து இன்றைக்கு விற்கிற விலையைக் கேட்டால் கோவலர்கள் மாட்டை விற்க வேண்டியிருக்கும். உழவர் ஊரில் வெள்ளைச் சோறு, வீட்டில் வளர்த்த பெட்டைக்கோழியின் வாட்டல். பிறகு ஆலையில் கருப்பஞ்சாறு. அதன்பின் வலைஞர் குடியில் சாடியில் புளித்து முற்றிய கள், சுட்ட மீன். பாணன் இங்கே கொஞ்சம் அதிக நேரம் தங்கியிருப்பான் என்பது என் ஊகம். பாட்டில் இல்லை. பாணன் மனைவியைக் கேட்டால் தெரியும்.

மாமியாருக்கான இடம் அடுத்து வருகிறது. கன்றைப் பந்தல்காலில் கட்டியிருக்கும் அந்தணர் வீடு. வாசலில் கோழியும் நாயும் கிடையாது; உள்ளே கிளிக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிறார்கள். பறவையின் பெயர் கொண்ட உயர்ந்த நெல்லின் சோறு. மாதுளங்காயைப் பிளந்து மிளகும் கறிவேப்பிலையும் கலந்து, பசு வெண்ணெயில் வேகவைத்த பொரியல். கூடவே மாவடு ஊறுகாய். "பாருங்க, எவ்வளவு நறுவிசு" என்று மாமியார் உருகிப்போனார். கறிவேப்பிலை என்ற சொல் காதில் விழுந்ததும் பையன் அறையை விட்டே போய்விட்டான்.

இதில் ஒரு சிக்கல். அந்தப் பாட்டுகளில் 'கறி' என்றால் மிளகு. "கறி இருக்கா?" என்று மச்சான் கேட்டால் மிளகு டப்பாவைக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். மிளகாய் அந்த மனிதர்கள் கண்ணிலேயே படவில்லை. அது போர்த்துக்கீசியர் காலத்து விருந்தாளி. தக்காளி, உருளைக்கிழங்கும் அப்படித்தான். ரசம் தக்காளியில்லாமல், போண்டா உருளையில்லாமல், சட்னி மிளகாயில்லாமல் ஒரு பண்பாடு எப்படி அவ்வளவு பாட்டு எழுதியது என்பது எனக்குப் பிடிபடாத ரகசியம்.

கடைசியில் காஞ்சி. இளந்திரையன் முதலில் எல்லாருடைய கந்தலையும் களையச் சொல்லி, பால் ஆவி மாதிரி துணி உடுத்தச் செய்கிறான். விண்மீன்போல் மின்னும் வட்டில்களைப் பரப்புகிறான். அப்புறம் செய்கிறதுதான் விசேஷம்: பக்கத்தில் தானே நின்று, பெற்ற பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துப் பரிமாறுகிறான். தொண்டை நாட்டுக்கே ராஜா, இங்கே சர்வர். சாப்பிட்டு முடித்ததும் பில் வரவில்லை. பொன் தாமரையும் வெள்ளைப் பிடரிமயிர்க் குதிரை நாலு பூட்டிய தேரும் வந்தன. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"பாணன் வீட்டுல யாரும் இது வேணாம் அது வேணாம்னு சொல்லலியா?" என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. பதில் பக்கத்துப் பாட்டில், சிறுபாணாற்றுப்படையில் இருக்கிறது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பார்க்கப் போகிறவர்களின் பாட்டு அது. அவன் தலைநகர் கிடங்கில், இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. நாம் வார இறுதியில் காரை விரட்டுகிற பக்கந்தான். நல்லியக்கோடன் வீட்டில் பீமசேனன் எழுதிய சமையல் புத்தகம் பிசகாமல் சமைத்தார்களாம். ஆனால் அங்கே போவதற்கு முன்னால் பாணன் வீட்டு அடுக்களையையும் புலவர் நத்தத்தனார் காட்டிவிடுகிறார். குட்டி போட்ட நாய். மடியில் பாலில்லை. கண் திறக்காத குட்டிகள் வந்து முட்ட, வலி பொறுக்காமல் குரைக்கிறது. கூரை இற்று விழுகிறது, சுவரில் கறையான், தரையில் காளான். கிணை கொட்டுகிறவனின் மனைவி குப்பைமேட்டு வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு சாப்பிடுகிறாள்.

படித்துக்கொண்டிருந்த நான் அந்தக் கதவில் கொஞ்சம் நின்றுவிட்டேன். கிண்டல் ஓடவில்லை. மகள் கைப்பேசியைக் கவிழ்த்துவைத்தாள்.

ஆனால் தமிழ் இலக்கியத்தில் நொட்டை சொல்கிறவர்கள் இல்லவே இல்லை என்று யாரும் பெருமைப்பட வேண்டாம். பொருநராற்றுப்படைக்கு வாருங்கள். கரிகாலன் வீட்டில் பொருநன் உட்கார்ந்திருக்கிறான். அறுகம்புல் தின்று கொழுத்த ஆட்டின் வேகவைத்த தொடைக்கறி, கம்பியில் கோத்துச் சுட்ட துண்டுகள். சூடு தாங்காமல் வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் என்று ஒதுக்கி ஒதுக்கித் தின்கிறான். சுடச்சுட பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்ட எவனுக்கும் அந்த ஆட்டம் தெரியும். "போதும்" என்றதும் விதவிதமாகப் பணியாரம் வருகிறது. பிறகொரு நாள் "சோறு சாப்பிட வேண்டும்" என்று ராஜாவே கெஞ்சுகிறான். முல்லை மொட்டு மாதிரி இடுப்பு ஒடியாத அரிசிச் சோறு, பொரித்த கறியோடு, கழுத்து வரைக்கும். ராத்திரி பகலாக மாமிசம் தின்றதில் பொருநனின் பல், கொல்லை உழுத கலப்பையின் கொழுப்போல மழுங்கிவிடுகிறது. மூச்சு விட இடமில்லை. சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு. அப்போதுதான் "நாங்க கிளம்பறோம்" என்கிறான். ராஜா கோபித்துக்கொண்டவன்போல் முகத்தை வைத்துக்கொண்டு, "எங்களை விட்டுப் போறீங்களா?" என்கிறான். "அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று வாசல்வரை வந்து வழிமறிக்கும் எங்கள் பெரியம்மாவின் முப்பாட்டன் கரிகாலனாகத்தான் இருக்க வேண்டும்.

ஆக முதல் நாள் யாரும் நொட்டை சொல்வதில்லை.

அங்கிருந்து மெட்ராஸுக்கு ஒரே தாவு. நடுவில் சத்திரங்கள் இருந்தன. அவற்றில் என்ன போட்டார்களோ அதைத் தின்றார்கள், விவாதத்துக்கு இடமில்லை. மெட்ராஸில் காபி கிளப் வந்தபோது கதை தலைகீழாகிவிட்டது. இப்போது நொட்டை சொன்னது சாப்பிடுகிறவர்கள் அல்ல, ஓட்டல். 'பிராமணாள்' என்று பலகை. இன்னார் உள்ளே, இன்னார் வெளியே. இட்லிக்கு ஜாதி பார்த்த நாக்கு உலகத்திலேயே அபூர்வமானது. 1957-இல் பெரியாரின் ஆட்கள் திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டல் முன்னால் அந்தச் சொல்லை அழிக்கச் சொல்லி மறியலில் இறங்கினார்கள். நாளுக்கு நாள் கைது நடந்தது. சொல் பலகைகளிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்தது; சாம்பாரின் ருசியில் ஒரு மாற்றமும் தெரியவில்லை என்று தாத்தா சொன்னதாக அப்பா சொல்வார்.

1951-இல் மவுண்ட் ரோட்டில் புகாரி வந்தது. மச்சான்களின் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. மாமியார்களுக்கும் கார் வைத்திருந்தவர்களுக்கும் 1962-இல் கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் வந்தது. காரை மரத்தடியில் நிறுத்தினால் ஜன்னலில் தட்டை மாட்டிவிடுவார்கள். எங்களிடம் கார் கிடையாது. எண்பதுகளில் அப்பா எங்களை பஸ்ஸில் கூட்டிப்போய், கார்களுக்கு நடுவே நடத்திக்கொண்டு உள்ளே மேசைக்குக் கூட்டிப்போவார். சோலாபூரி பலூன்போல் உப்பி வரும். நானும் தங்கையும் அதை உடைக்கும் உரிமைக்காக அடித்துக்கொள்வோம். கார் ஜன்னல்களில் தொங்கிய தட்டுகளைப் பார்த்து ஒருநாள் கேட்டேன்: "அப்பா, நமக்கு எப்ப கார்?" அப்பா சொன்னார்: "பூரி ஆறுது பாரு."

2008-இல் அதை மூடினார்கள். 2010-இல் அந்த இடத்தில் திறந்தது செம்மொழிப் பூங்கா. எங்கே போனால் நன்றாகச் சாப்பிடலாம் என்று வழிகாட்டிப் பாட்டெழுதிய மொழி அது. அதற்கு மரியாதை செய்ய, சாப்பிடுகிற இடத்தையே எடுத்துவிட்டுச் செடி நட்டிருக்கிறோம். கடியலூர்க்காரர் வந்தால் வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய், "வலைஞர் குடி எந்தப் பக்கம்?" என்று கேட்பார்.

இந்த உரை முடிந்தபோது மணி ஒன்றரை. பசி எல்லாரையும் பாணர்களாக்கியிருந்தது. மச்சான் பிரியாணிக் கோரிக்கையை இரவுக்குத் தள்ளிவைத்தான். இரண்டு ஆட்டோ. பக்கத்தில் சைவ ஓட்டல் ஒன்று. ஏசி ஓடியது, பாட்டு இல்லை. போன தடவை போன இடமேதான், மனைவி ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்ததும் சர்வர் வாளியோடு வந்தார். சாம்பாரை ஊற்றினார். எல்லாரும் ஒரே நேரத்தில் மாமியாரின் இலையைப் பார்த்தோம். நடுவில், வயலட் பளபளப்போடு, காம்பும் கழற்றாமல், முழுசாக ஒரு கத்தரிக்காய்.

மாமியார் முகம் மாறவே இல்லை. மடியிலிருந்த துணிப்பையைத் திறந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். தயிர்சாதம். மூடிக்குள் வாழையிலைத் துண்டில் நாலு மாவடு.

அவர் தலைக்கு நேர் மேலே, வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்று பலகை. சர்வர் பலகையைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், வாளியைக் கீழே வைத்தார். குனிந்து மெதுவாகக் கேட்டார்:

"வீட்டுல போட்ட மாவடுவாம்மா? ஒண்ணு குடுங்க."