கவரைக் கழட்டும்மா!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எந்த வீட்டில் கம்ப்யூட்டர் படுத்தாலும் அவர் காதுக்குச் சேதி போய்விடும். கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. "சிஸ்டம் ஹேங் ஆவுதாமே?" என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே விசாரணை தொடங்கிவிடும். சட்டைப் பையில் ஒரு டெஸ்டர், ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் ரப்பர். கடைக்குக் கொண்டுபோகலாமா என்று வீட்டுக்காரர் இழுப்பதற்குள் மடக்கிவிடுவார்: "கடைக்காரன் இன்னா பண்ணுவான் தெரியுமா? ஃபார்மேட் அடிப்பான். பாவுல ஒரு இழை அறுந்தா பாவையே அறுத்துப் போடுவியா நீ?"

நெசவாளர் தெருவில் இந்தக் கேள்விக்கு எதிர்க்கேள்வி கிடையாது.

இவர் ஓர் ஆள் இல்லை, ஓர் இனம். காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளில் பில் போடும் மேஜையடியில், சின்ன காஞ்சிபுரத்து ஜெராக்ஸ் கடைகளில், 2011இல் அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் வீடுகளில் எல்லாம் இவரைப் பார்க்கலாம். முன்பு தறியில் உட்கார்ந்தவர். முதுகுவலியோ கூலியோ எழுப்பிவிட்டிருக்கும். கம்ப்யூட்டரைக் கற்றது யூடியூபில், பெரும்பாலும் இந்தி வீடியோக்களில், ஒரு வார்த்தை இந்தி தெரியாமல். கை எங்கே போகிறது என்று பார்த்தால் போதாதா என்பது அவர் கட்சி. தறியையும் அவர் அப்படித்தான் கற்றார்.

அவரிடம் ஒரு ஸ்தல புராணம் உண்டு. ஸ்விட்ச் போட்டுத் திரை வருவதற்குள் அதைச் சொல்லியே தீருவார். பிரான்சில் லியோன் என்று ஓர் ஊர், அங்கேயும் பட்டு நெசவுதான். 1804இல் ஜக்கார்டு என்பவர் ஓட்டை போட்ட அட்டைகளைச் சரமாகக் கோத்துத் தறிமேல் ஏற்றினார். ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி இழையைத் தூக்கும். ஓட்டை இல்லாவிட்டால் இழை கீழேயே கிடக்கும். "ஓட்டை இருந்தா ஒண்ணு, இல்லன்னா சைபர். அவ்ளோதாம்மா கம்ப்யூட்டரு!" இங்கிலாந்தில் பாபேஜ் தம் கணக்கு யந்திரத்துக்கு அதே அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார், 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹோலரித் ஓட்டை அட்டையால்தான் எண்ணினார் என்று புராணம் கடல் தாண்டிப் போகும். சொல்வதில் பிழை இல்லை. பாபேஜ் ஜக்கார்டிடம் கடன் வாங்கியது நிஜம். ஆனால் அதனால் தறி தெரிந்தவனுக்கு மதர்போர்டும் தெரியும் என்று அவர் முடிக்கும் இடத்துக்குத்தான் நம்மால் கூடவே போக முடிவதில்லை.

அதற்காக ஆளைக் குறைத்து எடைபோடக் கூடாது. முகூர்த்த மாதம், பட்டுக்கடையில் நிற்க இடமில்லை, பில் போடும் சிஸ்டத்தில் திரை கறுப்பு, உள்ளேயிருந்து விட்டுவிட்டு 'பீப்' என்று ஒரு முனகல். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. நம்மவர் பதறமாட்டார். "கவரைக் கழட்டும்மா!" முதலில் ஒயரைப் பிடுங்குவார், கரண்ட் விஷயத்தில் மட்டும் மனிதருக்கு உயிர்ப்பயம் உண்டு. பிறகு இரண்டு பக்கக் கொண்டியையும் தள்ளி ரேமை வெளியே எடுத்து, அடிவிளிம்பில் பொன்னிறமாக வரிசை கட்டியிருக்கும் பட்டைகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். "பாரு, அசல் ஜரிகை. கறுத்துப்போச்சு." பென்சில் ரப்பரால் ஒரே திசையில் மெல்லத் தேய்த்து, துகளைத் தூரிகையால் தட்டிவிட்டு, 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்திச் செருகுவார். திரையில் வெளிச்சம் வந்துவிடும். இது மந்திரம் ஒன்றும் இல்லை. அழுக்கும் ஈரக்காற்றும் படிந்து தொடர்பு விட்டுப்போயிருக்கும், தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். கடைக்காரர்கள் பலர் உள்ளே கொண்டுபோய்ச் செய்வதும் இதுதான்.

அந்த வெற்றி போதாதா? தேதி விவகாரம் வந்தபோது அவர் அடித்த கூத்தைச் சொல்லவேண்டும். சிஸ்டம் ஓடுகிறது, ஆனால் பேங்க் வெப்சைட் திறக்கமாட்டேன் என்கிறது; எதைத் தட்டினாலும் பாதுகாப்பு இல்லை என்று எச்சரிக்கை. ஆண்டிவைரஸைத் தூக்கினார். நெட்காரனைத் திட்டினார். மோடத்தை அணைத்துப் போட்டார். கடைசியில் பில் போடும் பெண்தான், "அண்ணா, இதுல தேதி 2009னு காட்டுதுண்ணா" என்றாள். மதர்போர்டில் காசு அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கிறதே, அது செத்துவிட்டால் கரண்ட் போகும்போதெல்லாம் தேதி பின்னால் ஓடிவிடும். வெப்சைட்டுகளின் சான்றிதழுக்குத் தொடக்க நாள், முடிவு நாள் எல்லாம் உண்டு. 2009இல் நிற்கும் கம்ப்யூட்டருக்கு அவை இன்னும் பிறக்கவே இல்லை. வாட்ச் கடையில் சிஆர் 2032 என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அந்தப் பெண்ணைப் பாராட்டினாரா? "நான் அப்பவே பார்த்துட்டேன். நீ கவனிக்கிறியான்னுதான் சும்மா இருந்தேன்."

ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென் டிரைவில் ஃபோல்டர்கள் மறைந்து ஷார்ட்கட்டுகள் மட்டும் இளித்தால், அவர் இன்னும் உற்சாகமாகிவிடுவார். கறுப்புத் திரையைத் திறந்து, 'அட்ரிப்' என்று தொடங்கி மைனஸ் எச், மைனஸ் எஸ் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுவார். ஃபைல்கள் அழிவதில்லை, வைரஸ் அவற்றை மறைத்துத்தான் வைத்திருக்கும். கல்யாண ஆல்பம் போய்விட்டது என்று அழுதுகொண்டிருக்கும் அக்காவுக்கு அவர் சொன்ன ஆறுதல்: "2019ல வர்றதுக்கு முந்தி அத்திவரதர் நாப்பது வருஷம் குளத்துல இல்லாமலா இருந்தாரு? நம்ம கண்ணுக்குத் தெரியல, அவ்ளோதான்."

ரிஃப்ரெஷ் பைத்தியம் தனி. மவுஸின் வலதுபக்கத்தை அழுத்தி ரிஃப்ரெஷ், மறுபடியும் ரிஃப்ரெஷ். அது டெஸ்க்டாப்பில் உள்ள படங்களை மறுபடி வரைகிறதே தவிர வேகத்தைக் கூட்டுவதில்லை என்று சொல்லிப் பார்த்தால், கற்பூரத்தால் என்ன பயன் என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியதற்கும், "நிறுத்துனா நிறுத்திக்கட்டும், நான் இருக்கேன்ல?" என்கிறார். பாதுகாப்பு அப்டேட் வராத சிஸ்டத்தில் பேங்க் வேலை பார்ப்பது நல்லதல்ல. அதை ரப்பரால் தேய்க்க முடியாது.

இவ்வளவு பேசுகிறவர் ஒரே ஓர் இடத்தில் வாயைத் திறப்பதில்லை. பக்கத்து வீட்டுத் தறியில் பூ கோணுகிறது என்று கூப்பிட்டார்கள். போனார். அண்ணாந்து ஜக்கார்டுப் பெட்டியைப் பார்த்தார். அட்டைகளைக் கோத்த கயிறு ஓரிடத்தில் அறுந்து, ஓர் அட்டை அடுத்ததன்மேல் ஏறிக்கொண்டிருந்தது. கட்டினார், ஒருமுறை மிதித்துப் பார்த்தார், இறங்கிவிட்டார். லியோன் இல்லை, பாபேஜ் இல்லை, கடைக்காரனுக்கு வசவுகூட இல்லை. காபியும் வேண்டாம் என்று வந்துவிட்டார்.

அவர் கை வைக்காத பொருள் பிரிண்டர். "அண்ணா, பிரிண்ட் வரலண்ணா, பத்து பில்லு குடுத்தும் ஒண்ணுகூட வரல" என்று அந்தப் பெண் சொன்னபோது ஒரு கால் செருப்பில் நுழைந்தாகிவிட்டது. "அது வேற டிபார்ட்மென்ட்டும்மா." அவளே செல்போனில் தேடி, சர்வீஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, உள்ளே தேங்கிக் கிடந்ததையெல்லாம் அழித்து, திரும்ப ஓடவிட்டு ஒரு பில்லைத் தட்டினாள். காகிதம் சரசரவென்று வெளியே வந்தது.

வாசல்வரை போனவர் திரும்பி வந்து அந்தப் பில்லை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"பார்த்தியா? அன்னிக்கு ரேம் துடைச்சேன்ல, அதான்."