மலையேறியவர்

சாமி மலையேறினால் ஆட்டம் அடங்கிவிடும். பெரியப்பா கொடைக்கானல் மலையேறிய பிறகுதான் ஆடவே ஆரம்பித்தார்.

விடிகாலை ஐந்தரைக்கு போன். “தம்பி, எழுப்பிட்டேனா?” எழுப்பிவிட்டார். “அங்க எவ்வளவு?”

கத்திரி வெயில் காலத்தில் சென்னைக்கு விடியும்போதே 29 டிகிரி. சொன்னால் ‘த்சொ த்சொ’ என்பார். எழவு வீட்டில்கூட அவ்வளவு மனதார யாரும் உச்சுக் கொட்டிக் கேட்டதில்லை. “இங்க பன்னெண்டு.” பிறகு கொஞ்சம் இடைவெளி விடுவார். அதில் நாம் “ஆகா” சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் லைன் போய்விட்டது என்று நினைத்து “ஹலோ ஹலோ” என்று மறுபடியும் பன்னிரண்டிலிருந்து தொடங்குவார்.

வராந்தாவில் ஆணியடித்து ஒரு தெர்மாமீட்டர் மாட்டியிருக்கிறார். அதன் படம் வாட்ஸப்பில் மணிக்கொன்று வரும். மத்தியானம் வீடியோ கால். காது வரை குல்லா. போரூரில் இருபத்தைந்து வருஷம் முண்டா பனியனோடு வாசலில் நின்று லாரித் தண்ணீர் பிடித்த மனுஷன்!

கொடைக்கானல் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி குறையும். அவ்வளவுதான் சங்கதி. 1863-இல் அங்கே ஏரியை உண்டாக்கிய லெவிஞ்ச் துரைகூட இவ்வளவு சொந்தம் கொண்டாடியிருக்க மாட்டார். பெரியப்பாவோ, பி.எஃப். பணத்தைப் போட்டு அந்தக் குளிரையே கிரயம் பண்ணிக்கொண்ட மாதிரி பேசுகிறார்.

குடியேறிப் பதினான்கு மாதம்தான் ஆகிறது. அதற்குள் “இந்த டூரிஸ்ட்டுங்க தொல்லை தாங்கல” வந்துவிட்டது. நாங்கள் அவரைப் பார்க்கப் போனால் வாசலிலேயே, “இ-பாஸ் எடுத்துட்டுத்தானே வந்தீங்க?” 2030-இல் குறிஞ்சி பூக்கும்போது யார் யாரைக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறாராம். எங்கள் பெயர் சந்தேகம். ஆனால் கிளம்பும்போது பூம்பாறைப் பூண்டு இரண்டு கிலோ கட்டிக் கொடுத்துவிடுவார். அதில் குறை சொல்ல முடியாது.

பல்லுக்கு டாக்டரைப் பார்க்க மட்டும் சென்னை வேண்டும். எங்கள் வீட்டில் பத்து நாள். ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்து, இரண்டு போர்வை போர்த்திக்கொண்டு, “நம்ம ஊர் மாதிரி வராது” என்பார். கரன்ட் பில் கட்டுவது நான். இதை அவரிடம் சொல்ல முடியாததால்தான் இங்கே எழுதுகிறேன்.

போன வாரம் இரண்டு நாள் போன் வரவில்லை. மூன்றாம் நாள் விடிகாலை எனக்குத் தானாக முழிப்பு வந்துவிட்டது. செல்போனில் கொடைக்கானல் எவ்வளவு என்று பார்த்தேன். பிறகு நானே கூப்பிட்டேன்.

“என்ன பெரியப்பா, பதினொண்ணா?”

மழையில் டவர் கிடைக்கவில்லையாம். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. ஆளே கிடைக்காமல் இரண்டு நாள் பேசாமல் இருந்த தொண்டை.

“யார் சொன்னது? பத்தரை,” என்றார்.