கேள்வி-பதில்: ஏரியும் தூண்டிலும்

கேள்வி: அமெரிக்காவில் இலையுதிர்காலம் வந்தால் ஏரிகளில் கிராப்பி மீனை அள்ளுகிறார்களாம். யூடியூப்பில் பார்த்ததிலிருந்து என் கணவர் தூண்டிலும் கையுமாக நிற்கிறார். பினாங்கில் கிராப்பி கிடைக்குமா?
- வாசகி, ஜெலுத்தோங்

பதில்: கிடைக்காது, சகோதரி. கிராப்பி வட அமெரிக்க நன்னீர் மீன். கறுப்பு, வெள்ளை என இரண்டு இனங்கள் உண்டு. கணவரைத் தடுக்காதீர்கள்; மீனை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். நம் பக்கத்து ஏரிகளில் தோமான், ஹாருவான், செபாராவ், லம்பாம் எல்லாம் காத்திருக்கின்றன.

கேள்வி: இலையுதிர்காலமே இல்லாத நமக்கு அவர்களுடைய வித்தை எப்படி உதவும்?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இலை உதிராவிட்டால் என்ன, இங்கே வானமே உதிர்கிறதே! அங்கே கோடையில் ஏரியின் மேல்தண்ணீர் சூடாகவும் அடித்தண்ணீர் குளிர்ந்தும் தனித்தனி அடுக்காகக் கிடக்கும். குளிர் தொடங்கியதும் மேல்தண்ணீர் கனத்துக் கீழே இறங்க, இரண்டும் கலந்துவிடும். பொடிமீன்கள் ஓடை சேரும் மூலைகளுக்கு நகரும். கிராப்பியும் பின்னாலேயே போகும். நமக்கு அந்த வேலையை மழை செய்கிறது. செப்டம்பர், அக்டோபரில் பினாங்கிலும் வட பேராக்கிலும் ஆறுகள் பெருகி, புழு பூச்சியை எல்லாம் ஏரிக்கு அடித்து வரும். அதைத் தின்ன லம்பாம் வரும். பொடிமீனைத் தின்னச் செபாராவ் வரும். ஆற்று வாயில் செம்மண் கலங்கலும் தெளிந்த தண்ணீரும் சந்திக்கிற கோடு கண்ணுக்குத் தெரியும். அந்தக் கோட்டை ஒட்டித் தூண்டிலை வீசுங்கள். எந்த நாட்டு ஏரியானாலும் இரையைத் தேடினால் மீன் தானே கிடைக்கும்.

கேள்வி: தூரம் எதற்கு? ஆயர் ஈத்தாம் அணையிலேயே போட்டால் என்ன?
- வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: வேண்டாம். 1962-இல் கட்டிய அந்த அணை நாம் குடிக்கும் தண்ணீர். நம் தண்ணீர்மலை ஓடையும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே ஊருக்குத் தண்ணீர் கொடுத்து வருகிறது. இரண்டையும் கும்பிட்டுவிட்டு புக்கிட் மேரா போங்கள். கிரியான் நெல்வயல்களுக்காக 1906-இல் உருவான ஏரி. ரயில் ஏரியைக் கடந்தே போகும். அங்கே கெலிசா சிக்கினால் உடனே விட்டுவிடுங்கள். இயற்கையில் அருகிவரும் மீன். முட்டையை வாயில் வைத்துக் காப்பது ஆண் மீன். இரண்டு மூன்று நாள் விடுமுறை இருந்தால் கிரிக் வழியாகத் தெமெங்கோர் ஏரிக்குப் போகலாம். அங்கிருந்து ரோயல் பெலும் பகுதிக்குள் நுழைய முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

கேள்வி: தண்ணீருக்குள் இருக்கும் தோமானை எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: அதுவே மேலே வந்து சொல்லிவிடும். தோமானுக்குச் செவுள் மட்டும் போதாது. காற்றையும் குடித்தாக வேண்டும். மூழ்கிய மரங்களின் ஓரம் சத்தமில்லாமல் நில்லுங்கள். "களக்" என்று ஒரு சத்தம், ஒரு வளையம், சில குமிழி. அது போகிற திசையைப் பார்த்து, சற்று முன்னால் ரப்பர் தவளையை வீசுங்கள். கிராப்பியின் வாய்த்தோல் மெல்லியது. வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். தோமானின் வாயோ எலும்பும் பல்லும். பலமாக இழுத்தால்தான் முள் இறங்கும். முள்ளுக்கு மேலே தங்கூசி தடிமனாக இருக்கட்டும்.

கேள்வி: மழையில்தான் மீன் கடிக்குமென்றால், இடி இடிக்கும்போதும் நிற்கலாமா?
- வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: கூடவே கூடாது. கார்பன் தூண்டிற்கோலில் மின்சாரம் பாயும். திறந்த ஏரியில் அதை உயர்த்திப் பிடிப்பது இடியை அழைப்பதற்குச் சமம். முதல் முழக்கத்திலேயே கோலைக் கீழே வைத்துவிட்டுக் கரையேறுங்கள். படகில் உயிர்காப்பு உடையைக் கழற்றாதீர்கள். மீன் நாளைக்கும் இருக்கும். வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: பீகாக் பாஸ் பிடித்தால் திரும்ப விட வேண்டுமா?
- வாசகர், சுங்கை பட்டாணி

பதில்: விடாதீர்கள், குழம்பு வையுங்கள்! தென் அமெரிக்காவிலிருந்து வந்து, பேராக்கின் பழைய ஈயக் குட்டைகளில் நம் சின்ன மீன்களைத் தின்று கொழுக்கிறது. உயிரோடு வேறு ஏரிக்குக் கொண்டுபோய் விடுவது பெரிய கேடு.

கேள்வி: குஞ்சுக் கூட்டத்தின் நடுவே தவளையைப் போட்டால் தாய்த் தோமான் நிச்சயம் பாயும் என்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா?
- வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: பாயும். அதனால்தான் செய்யக் கூடாது. அந்தக் கூட்டத்தை அருகில் பாருங்கள். விரல் நீளம்கூட இல்லாத செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகக் காற்றுக் குடிக்க வரும்போது, அந்த வட்டத்தில் மட்டும் தூறல் விழுவதுபோல் தண்ணீர் துள்ளும். அடியில் தாயும் தகப்பனும் காவல் சுற்றும். அவை பசியில் கடிப்பதில்லை. பிள்ளையைக் காக்கக் கடிக்கின்றன. பெற்றவர்களைத் தூக்கிவிட்டால் பொழுது சாய்வதற்குள் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தீர்த்துவிடும். ஏரியில் தனியாகத் திரியும் தோமான் எத்தனையோ உண்டு. அதைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோய் வயிறாரச் சாப்பிடுங்கள். குஞ்சோடு இருப்பதை விட்டுவிடுங்கள். நண்பர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.